வீட்டுக்கு ஒரு பைக் இருந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,
கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே குடும்பச் செலவில் உள்ள வித்தியாசம் குறைந்துவருகிறது என்று மத்திய அரசின் கணக்கெடுப்பு சொல்கிறது. எங்கள் ஊரிலும் வீட்டுக்கு ஒரு பைக் நிற்கிறது. வருமானமும் நெருங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுத்துக்கொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். 2011-12இல் கிராமத்தைவிட நகரத்தில் தலைக்குச் செலவு 84 சதவீதம் அதிகமாக இருந்தது. 2023-24இல் அது 70 சதவீதம். மாதத்துக்குக் கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. சரி, குறைந்திருக்கிறது. ஆனால் இது செலவுக் கணக்கு. கைக்காசில் வாங்கிய பருப்பும் கடனுக்கு வாங்கிய பருப்பும் இதில் ஒன்றுதான். சராசரியைப் பிரித்துப் பார்த்தால் இன்னும் வலிக்கிறது: கிராமத்தின் அடித்தட்டு 5 சதவீதத்தினருக்கு 1,677 ரூபாய், நகரத்தின் மேல்தட்டு 5 சதவீதத்தினருக்கு 20,310.

எவ்வளவு வருகிறது என்பதோடு, எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதி லிஸ்ட் போட்டு, விலை எங்கே குறைவோ அங்கே மொத்தமாக வாங்கிவிடுவார். தினக்கூலிக்குப் போகிற பெண் சாயங்காலம் வரும் வழியில் அன்றைய குழம்புக்கு மட்டும் நூறு கிராம் பருப்பு, கொஞ்சம் எண்ணெய், நாலு தக்காளி வாங்குகிறார். வேலை கிடைக்காத நாளில் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். பாக்கி இருக்கிற கடையை விட்டு, விலை குறைவு என்று அடுத்த கடைக்குப் போக முடியுமா?

கிராமத்துச் செலவில் 47 சதவீதம் சாப்பாட்டுக்கே போகிறது, நகரத்தில் 40. ஆனால் கிராமத்திலும் தானியத்துக்கு ஆகும் செலவு மொத்தத்தில் 5 சதவீதம்தான். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம் என்பதால் பல வீடுகளில் உலை கொதிப்பது நிற்பதில்லை. கூலி குறைந்த வாரத்தில் வெட்டு விழுவது பாலிலும் முட்டையிலும் பழத்திலும்தான். அதில் முதலில் விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டு அம்மா. குடும்பக் கணக்கு எடுக்கும்போது அவருடைய தட்டு தனியாகத் தெரியாது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அப்புறம் உங்கள் பைக். சாப்பாட்டை விட்டுவிட்டால் கிராமத்தில் அதிகம் செலவாவது போக்குவரத்துக்குத்தான், மொத்தச் செலவில் 7.59 சதவீதம். ஊருக்குள் வேலை இல்லாததால் பக்கத்து டவுனுக்குக் கட்டட வேலைக்கும் மில்லுக்கும் போயாக வேண்டும். பஸ் நேரம் ஷிப்டுக்கு ஒத்துவராது. பெட்ரோல் போட்டால்தான் அன்றைய கூலி. அந்த வண்டிகளில் எத்தனைக்கு இன்னும் தவணை கட்டுகிறார்கள் என்று உங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.