இயற்கைக் காட்சியிலிருந்து அக்ரிலிக் ஓவியத்தைப் படிப்படியாக எப்படி உருவாக்குகிறீர்கள்?

போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்தும் படம் தட்டையாக, எல்லாம் ஒரே பச்சையாக வந்துவிடுகிறது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதல் சில வருடங்கள் இதே பிரச்சினைதான். கை சரியில்லை என்று நினைத்து இன்னும் நுணுக்கமாக, இன்னும் மெல்லிய பிரஷ்ஷில் வரைந்து பார்த்தேன். படம் மேலும் செத்துப்போனதுதான் மிச்சம். பெயின்ட் டியூபைத் திறப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலையை நான் செய்யாமல் விட்டிருந்தேன் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. அதனால் இந்தப் பதிலில் ஏறக்குறைய பாதி, பிரஷ்ஷைத் தொடுவதற்கு முந்தைய கதை.

சமீபத்தில் முடித்த ஒரு குளக்கரைப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

இடத்துக்குப் போனதும் முதல் கால் மணி நேரம் எதையும் வரைய மாட்டேன். சும்மா உட்கார்ந்து பார்ப்பேன். என்னை அங்கே நிற்கவைத்தது எது என்று நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுவேன். அன்று எழுதியது: ‘நாணலுக்குப் பின்னால், இருண்ட தண்ணீரில் ஒரு வெளிச்சக் கீற்று.’ மரங்கள், கரை, வானம், தூரத்துக் குன்று எல்லாமே அங்கே இருந்தன, எல்லாமே அழகாகவும் இருந்தன. ஆனாலும் படம் அந்தக் கீற்றைப் பற்றியது. பிறகு எதை வைப்பது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் அந்த வரியைத்தான் எடுத்துப் படிப்பேன்.

அடுத்து, தீப்பெட்டி அளவில் நாலைந்து பென்சில் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே தொனி: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்த்தால் இலையும் கிளையும் மறைந்து பெரிய பெரிய திட்டுகள் மட்டும் தெரியும். அந்தத் திட்டுகளைத்தான் கட்டத்துக்குள் வைக்கிறேன். அன்று அப்படிப் பார்த்தபோது மரம், அதன் நிழல், தண்ணீரில் அதன் பிம்பம் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே இருட்டு வடிவமாக நின்றன. இடது ஓரத்தில் வளைந்து நின்ற ஒரு மரம் பார்வையை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது கட்டத்தில் அதை எடுத்துவிட்டேன். மனசே இல்லைதான், ஆனால் எடுத்த உடனே கீற்று பேச ஆரம்பித்தது.

வெளிச்சம் நமக்காகக் காத்திருக்காது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 91-இல் வைக்கோல் போர்களை வரைந்தபோது பல கேன்வாஸ்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார். நான் அந்த அளவுக்குச் சுமப்பதில்லை. கட்டத்தின் ஓரத்தில் நேரத்தையும், சூரியன் இருக்கும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் போட்டு, நிழல்களை முதலில் குறித்துவிடுவேன். பிறகு நிழல் எங்கே நகர்ந்தாலும் என் குறிப்பை மாற்றுவதில்லை.

சரி, ‘ஒரே பச்சை’ விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாணல் இலையை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் பகுதி, வானத்தின் நீலத்தை வாங்கிப் பளபளப்பதால் வெளிறிய சாம்பல் நீலமாக இருக்கும். அது மடிந்து இறங்கும் இடத்தில் வெயில் பின்னாலிருந்து ஊடுருவினால், அந்தத் துண்டு மட்டும் மஞ்சளாக எரியும். அடியில், மற்ற இலைகளின் நிழலுக்குள் போனதும் ஏறக்குறைய பழுப்பு. ஒரே இலையில் மூன்று நிறங்கள், அதில் பச்சை என்று கூசாமல் சொல்லக்கூடியது ஒன்றுகூட இல்லை. அன்று எடுத்த போட்டோவைப் பிறகு பார்த்தேன்: மூன்றும் ஒரே பச்சைக்குள் போயிருந்தன, நிழல் முழுக்கக் கறுப்பு. கேமரா மொத்தக் காட்சிக்கும் சேர்த்து ஒரே அளவில் வெளிச்சத்தை வாங்குகிறது. நம் கண் இருட்டுக்குள் ஒரு மாதிரியும் வானத்தில் ஒரு மாதிரியும் பழகிப் பார்க்கிறது. அதனால் போட்டோவை நான் கிளை எப்படிப் பிரிகிறது என்பது போன்ற வடிவத்துக்கு மட்டும்தான் நம்புகிறேன்.

நிறத்துக்கு அட்டைகள். கையகல அட்டையில் அங்கேயே பெயின்டைக் கலந்து ஒரு தீற்றல் போட்டு, கையை நீட்டி, காட்சிக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். இன்னும் மங்கலா, இன்னும் சூடா (அதாவது சிவப்பு, மஞ்சள் பக்கமா) என்று உடனே தெரிந்துவிடும். பொருந்தும்வரை திருத்தி, பக்கத்தில் ‘நாணல், நிழல்’ என்று எழுதிவைப்பேன். ஏழெட்டுத் தீற்றல்கள் போதும். ஒரு காலைப்பொழுதில் வீட்டுக்குக் கொண்டுவர இதைவிட மதிப்புள்ளது எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

வீட்டில் வேலை வேகமாக நடக்கும். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசிய கேன்வாஸின் மேல் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு. வெள்ளைப் பரப்பில் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரிந்து நம்மை ஏமாற்றும். இந்தச் செம்பழுப்பில் வெளிச்சம், இருட்டு இரண்டையும் சரியாக எடைபோடலாம். பிறகு பச்சைகளுக்கு நடுவே அங்கங்கே எட்டிப்பார்க்கும் அந்தச் செம்பழுப்பு, பச்சைக்கு உயிர் கொடுக்கும். கட்டத்தில் பிடித்ததைப் பிரஷ்ஷாலேயே பெரிதாக்கிக் கோடு போட்டுக்கொள்வேன்.

முதல் அடுக்குக்கு என்னிடம் இருப்பதிலேயே பெரிய தட்டைப் பிரஷ். தூரத்திலிருந்து பக்கத்துக்கு, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு. தூரத்துக் குன்று வெளிறி நீலமாகத் தெரியக் காரணம், இடையில் இருக்கும் காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதுதான். எனவே அங்கே வெள்ளையும் துளி அல்ட்ராமரின் நீலமும் சேரும், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி குறையும். இந்த அடுக்கில் ஓர் இலைகூட வரையக் கூடாது.

டியூபில் வரும் பச்சையை நான் வாங்குவதே இல்லை. அல்ட்ராமரின் நீலமும் காட்மியம் மஞ்சளும் சேர்ந்தால் அடங்கிய, மண்வாசனையுள்ள பச்சை வரும். அல்ட்ராமரினில் சற்றே சிவப்புச் சாயல் உண்டு, அது பச்சையின் துள்ளலைக் குறைத்துவிடும். தாலோ நீலமும் லெமன் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணைக் குத்தும் பச்சை. அதை வெயில் ஊடுருவும் இலை நுனிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். எந்தப் பச்சை கத்தினாலும் ஒரு துளி சிவப்பு அதை அடக்கும். ஆழ்ந்த இருட்டுக்கு அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா. கறுப்பு டியூபே வேண்டாம்.

அக்ரிலிக்கின் சுபாவம் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். காய்ந்தால் ஒரு படி இருண்டுவிடும். நிறத்தைப் பிடித்துவைக்கும் பிசின் ஈரத்தில் பால்போல் வெளுத்திருக்கும், அது காயும்போது கண்ணாடியாகத் தெளிவதால் இப்படி ஆகிறது. எனவே எந்தக் கலவையையும் ஓரத்தில் ஒரு துளி வைத்து, காயவிட்டு, அட்டையோடு ஒப்பிட்ட பிறகே படத்தில் வைப்பேன். பேலட்டில் கலந்த நிறம் காய்ந்து போகாமல் இருக்க, தட்டில் ஈரத் துணி விரித்து மேலே பட்டர் பேப்பர். தண்ணீரைத் தாராளமாக ஊற்றி நீர்க்கவைத்தால் பிசின் பலமிழந்து நிறம் ஒட்டாமல் போகும். மெல்லிய அடுக்கு வேண்டுமானால் மீடியம் என்று விற்கும் நிறமில்லாத அக்ரிலிக் பிசினைத்தான் சேர்க்கவேண்டும்.

காய்ந்த அடுக்கு மறுபடி கரையாது என்பது இந்தப் பெயின்டின் பெரிய வரம். குளத்துப் படத்தை அதுதான் காப்பாற்றியது. கீற்று வெளிச்சமாக வரவில்லையே என்று வெள்ளையை மேலே மேலே வைத்தேன். சுண்ணாம்பு பூசியதுபோல் செத்துக் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, கீற்றைத் தொடாமல் சுற்றியுள்ள தண்ணீரின் மேல் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் மீடியத்தில் கலந்த மெல்லிய பூச்சை இரண்டு முறை கொடுத்தேன். சுற்றிலும் இருள இருள, கீற்று தானாக மேலே வந்தது. அப்புறம் அதன் நடுவில் மட்டும் வெளிறிய மஞ்சளில் ஒரே ஒரு தீற்றல். தண்ணீர் வரைபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: வானத்தின் பிம்பம் வானத்தைவிடக் கொஞ்சம் இருட்டாகவும், இருண்ட மரத்தின் பிம்பம் மரத்தைவிடக் கொஞ்சம் வெளிறியும் இருக்கும்.

நுணுக்கம் கடைசியில்தான், அதுவும் கீற்றுக்குப் பக்கத்தில் மட்டும். அங்கே ஏழெட்டு நாணல்களுக்குக் கூர்மையான விளிம்பு. மற்ற இடங்களில் பெயின்டைத் துடைத்துவிட்ட உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து விளிம்புகளைக் கரைத்துவிட்டேன்.

முடிந்ததா என்று பார்க்கப் படத்தை இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன். பிறகு கண்ணாடியில் பார்ப்பேன், தலைகீழாக வைத்துப் பார்ப்பேன், போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துத் தீப்பெட்டிக் கட்டத்தோடு ஒப்பிடுவேன். இரண்டும் ஒத்துப்போனால் பிரஷ்ஷைக் கழுவிவிடுவேன். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது என்பதால் அதை உடனே செய்யவேண்டும்.

வார்னிஷுக்கு அவசரம் வேண்டாம். மெல்லிய அடுக்குகளுக்கே ஒன்றிரண்டு வாரம் விடுகிறேன். படத்தைக் கிடையாக வைத்து, மென்மையான அகலப் பிரஷ்ஷால் பளபளப்பு வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்து பளபளப்பு போய் மங்கியிருந்த குளத்து இருட்டு, முதல் நாள் ஈரத்தில் பார்த்த அதே ஆழத்தோடு அப்போது திரும்பி வந்தது.