வண்டி 'ஸ்கிட்' ஆனது என்கிறோமே, அது எங்கிருந்து வந்த சொல்?

மழையில் பைக் சறுக்கினால் நாம் சட்டென்று சொல்லும் சொல்தான். (மேடையில் போடும் குட்டி நாடகமும் தமிழ் எழுத்தில் 'ஸ்கிட்'தான், ஆனால் அது வேறு சொல்.)

வேடிக்கை என்னவென்றால், இது முதலில் சறுக்கலைக் குறிக்கவே இல்லை. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஸ்கிட்' என்றால் பாரத்தைத் தாங்கும் கட்டை. பழைய நார்ஸ் மொழியில் (நார்வே, ஐஸ்லாந்து பக்கம் முற்காலத்தில் பேசிய மொழி) பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லோடு உறவுடையது என்று கருதுகிறார்கள். பனிச்சறுக்குப் பலகையான 'ஸ்கீ'யும் அந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் குதிரை வண்டிக்காரர்கள் கைக்கு வந்தது. இறக்கத்தில் வண்டி தறிகெட்டு ஓடாமல் இருக்க, சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுப்பார்கள். அதன் பெயரும் ஸ்கிட். சக்கரம் சுழலாது, ஆனால் வண்டி நிற்காமல் இழுபட்டுக்கொண்டே போகும். இப்படிச் சுழலாமல் இழுபடுவதற்கே 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் வந்தது. ஆக, தடுக்க வைத்த கட்டையின் பெயர் சறுக்கலுக்குப் போய்விட்டது!

அமெரிக்காவில் வெட்டிய மரங்களை இழுத்துச் செல்லக் கட்டைகள் பதித்த பாதை 'ஸ்கிட் ரோடு'. நகரத்தின் நலிந்த பகுதியைச் சொல்லும் 'ஸ்கிட் ரோ' அதிலிருந்து வந்தது.