அமெரிக்கப் போலீஸ்காரர்கள் பணி நேரம் முடிந்த பிறகு எந்தத் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்வார்கள்? எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்?

ஹூஸ்டனுக்கு அருகில் ஒரு சிறு நகரத்தின் காவல் துறையில் பதினோராவது ஆண்டாக வேலை செய்கிறேன். இன்று என் இடுப்பில் இருப்பது கிளாக் 26 என்ற பிஸ்டல். அதற்கு முன் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி முடித்த கையோடு, கடையில் பார்த்ததும் பிடித்துப்போன ஒரு குட்டிப் பிஸ்டலை வாங்கினேன். சட்டைக்குள் இருப்பதே தெரியாது. பணியில் நான் வைத்திருப்பது கிளாக் 17. அதில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி, அதாவது தள்ளிவிடாமல் சுட முடியாதபடி தடுக்கும் பூட்டு, கிடையாது. குட்டியில் உண்டு. சொந்தத் துப்பாக்கியிலும் சுட்டுத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. விசில் ஊதியதும் உருவினேன், விசையை இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் இழுத்த பிறகுதான் சேஃப்டி நினைவுக்கு வந்தது. பயிற்றுநர் வாயே திறக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த மாதமே அதை விற்றுவிட்டேன்.

கிளாக் 26 பார்க்க லட்சணமாக இருக்காது. கட்டை குட்டை, தடிமன் 3 செ.மீ.க்கு மேல், 10 குண்டுகளை நிரப்பினால் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. ஆனால் விசை இழுபடும் விதம் பணித் துப்பாக்கியில் எப்படியோ அப்படியே. 17-இன் மேகசினும், அதாவது குண்டுகளை நிரப்பிச் செருகும் பெட்டியும், இதில் பொருந்தும். பதறும் நேரத்தில் கை பழகியதைத்தான் செய்யும் என்பதை அந்த விசில் எனக்குக் காட்டிவிட்டது. 2018-இல் வந்த சிக் பி365 பிஸ்டல் அதே 10 குண்டுகளை இன்னும் மெல்லிய உடலில் அடக்குகிறது. இளைஞர்கள் பலர் அதற்கு மாறிவிட்டார்கள். மூத்தவர்கள் சிலர் 5 குண்டு போடும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரை விடமாட்டார்கள். குண்டு போடாத எடை 400 கிராமைச் சற்றே தாண்டும். சுமப்பது சுகம், சுட்டால் உள்ளங்கை எரியும்.

துப்பாக்கிக்குச் செலவழித்துவிட்டு உறைக்குக் கஞ்சத்தனம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையும் தடித்த பெல்ட்டும் இல்லாவிட்டால் எந்தப் பிஸ்டலும் ஆபத்துதான். பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகும் நாளில் பெல்ட்டுக்கு வழியில்லை. துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே கிடக்கும்.

2004-இல் வந்த மத்தியச் சட்டப்படி, தகுதியுள்ள காவலர்கள் அடையாள அட்டையோடு வேறு மாநிலங்களிலும் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளலாம். குடித்திருந்தால் அந்தச் சலுகை செல்லாது.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறு. சீருடையைக் கழற்றிவிட்டால் நான் கையில் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு மாநிற ஆள், அவ்வளவுதான். 2009 மே மாதம் நியூயார்க் ஹார்லெமில் ஒமார் எட்வர்ட்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பினக் காவலர், பணி முடித்துச் சாதாரண உடையில், தன் காரை உடைத்தவனைத் துப்பாக்கியோடு துரத்தினார். யாரென்று தெரியாமல் சக காவலர் ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். என்னிடம் எத்தனை குண்டு இருந்தாலும், முதலில் வந்து சேரும் காவலர் என்னைப் பார்த்து என்ன நினைப்பார் என்பதற்கு அதில் விடை இல்லை. அதனால் பேட்ஜைத் துப்பாக்கிக்கு ஒட்டியே பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறேன். கண்முன் ஒருவர் உயிர் போகும் நிலை வந்தாலொழிய துப்பாக்கியை உருவுவதாக இல்லை. கடைக்காரர் பணப்பெட்டியைப் பறிகொடுத்தால், அடையாளங்களை மனதில் வாங்கிக்கொண்டு நல்ல சாட்சியாக இருப்பேன்.

2007 பிப்ரவரியில் சால்ட் லேக் சிட்டி வணிக வளாகத்தில் ஒருவன் சுடத் தொடங்கியபோது, கென்னத் ஹாமண்ட் என்ற காவலர் விடுப்பு நேரத்தில் மனைவியோடு சாப்பிட வந்திருந்தார். சுட்டுக்கொண்டிருந்தவனை எதிர்கொள்ள அவர் போனார். மனைவி உணவகத்திலிருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்து, சாதாரண உடையில் ஒரு காவலர் உள்ளே இருக்கிறார் என்று சொன்னார். ஹாமண்ட் பிழைத்ததில் அந்த அழைப்புக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இப்போது அதுதான் ஏற்பாடு: பிள்ளைகளை வெளியே கூட்டிப் போவதும் 911-ஐ அழைப்பதும் என் மனைவியின் வேலை. என் சட்டை நிறத்தை முதலில் சொல்ல வேண்டும். காரில் ஏறும்முன் அவள் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பாள். பிள்ளைகள் அப்பாவின் அலங்காரத்தை அம்மா சோதிப்பதாக நினைத்துச் சிரிப்பார்கள்.