பிணைப்பு உடைந்தால் வெப்பம் வருமா?

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். டியூஷனில், 'பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவரும்' என்கிறார்கள். வேதியியல் புத்தகத்தில் 'பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிவரும்' என்று இருக்கிறது. எது சரி?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: புத்தகம் சொல்வதுதான் சரி, அம்மா. வகுப்பில் பாடம் எடுத்த காலம் முழுக்க நான் அதிகம் மல்லுக்கட்டியது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெகுதூரத்தில் இருக்கின்றன. அப்போது நிலை ஆற்றல் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். நெருங்க நெருங்க, ஒவ்வோர் அணுக்கருவும் பக்கத்து அணுவின் எலக்ட்ரானையும் இழுக்கத் தொடங்கும். நிலை ஆற்றல் இறங்கிக்கொண்டே வரும். இடைவெளி 74 பிகோமீட்டர் ஆகும்போது அது அடிமட்டத்தைத் தொடும். அதற்கும் உள்ளே தள்ளினால் அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்கும். நிலை ஆற்றல் செங்குத்தாக ஏறிவிடும். அந்த அடிமட்டம்தான் பிணைப்பு. கிணற்றுக்குள் கிடக்கும் கல்லை மேலே எடுக்க நாம்தான் கயிறு இழுக்க வேண்டும். அணுக்களைப் பிரிப்பதும் அப்படித்தான்.

கிணற்றின் ஆழம் ஒரு மோலுக்கு (சுமார் 6 × 10²³ மூலக்கூறுகள் கொண்ட அளவுக்கு) சுமார் 436 கிலோஜூல். அதாவது, தனித்தனி அணுக்களாக இருக்கும் 2 கிராம் ஹைட்ரஜன் மூலக்கூறுகளாகச் சேர்ந்தால், வெளிவரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எதுவும் எரியவில்லை, ஆக்சிஜனே இல்லை, சேர்ந்ததற்கே இவ்வளவு!

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1920களில் அமெரிக்காவில் வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் இதை வைத்தே ஒரு வெல்டிங் முறையை உருவாக்கினார். இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கு நடுவே எரியும் மின்வில்லுக்குள் ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். மின்சாரம் செலவாகி மூலக்கூறுகள் அணுக்களாக உடையும். அந்த அணுக்கள் உலோகப் பரப்பில் மறுபடி ஜோடி சேரும்போது வரும் வெப்பம் இரும்பை உருக்கும். உடைக்கச் செலவு, சேர்ந்தால் வரவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவி எனக்குத் தெரியாது.

சரி, ஹைட்ரஜன் எரியும்போது? துத்தநாகத் துண்டின் மேல் நீர்த்த அமிலம் ஊற்றி, சோதனைக்குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்டினால் 'பாப்' என்று சத்தம் வருமே, அதே வினைதான். 2 மோல் ஹைட்ரஜனையும் 1 மோல் ஆக்சிஜனையும் உடைக்க சுமார் 1,370 கிலோஜூல் தேவை. பதிலுக்கு நான்கு மோல் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகி 1,850 அளவுக்குத் தருகின்றன. மிச்சம் 480தான் நமக்குக் கிடைக்கும் வெப்பம். சத்தம் ஓய்ந்ததும் குழாயின் உட்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள், மெல்லிய ஈரம் படிந்திருக்கும். வெப்பத்தைத் தந்தது அந்தத் தண்ணீரின் புதிய பிணைப்புகள்.

டியூஷனில் ஏடிபியை (நம் செல்களுக்கு ஆற்றல் தரும், பாஸ்பேட் தொகுதிகள் கொண்ட மூலக்கூறு) மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். அங்கேயும் பாஸ்பேட்டைக் கழற்ற ஆற்றல் வேண்டும். அது தண்ணீரோடு வினைபுரிந்து உருவாகும் புதிய பிணைப்புகளும், விளைபொருள்களைச் சூழ்ந்துகொள்ளும் நீர் மூலக்கூறுகளும் அதைவிட அதிகம் திருப்பித் தருகின்றன. உடைவது பாதிக் கதைதான்.

கேள்வி: இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை வெற்றிடத்தில் மோதவிட்டால் ஒட்டிக்கொள்ளுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் ஒட்டாது. இறங்கிய நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக மாறி, அதே வேகத்தில் அவற்றை மீண்டும் பிரித்துவிடும். அதை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒன்று வேண்டும்: இன்னொரு அணுவோ, பாத்திரத்தின் சுவரோ. விண்மீன்களுக்கு இடையே அந்த வேலையைச் செய்வது தூசித் துகள்கள். அங்குள்ள ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் பெரும்பகுதி அவற்றின் பரப்பில்தான் உருவாகிறது.