ஆங்கிலத்தில் 'சாரி' என்ற சொல் 'சாரோ'விலிருந்து வந்ததா? அதை எங்கெல்லாம் சொல்லலாம்?

இல்லை. துக்கத்தைக் குறிக்கும் 'சாரோ'வும் இந்தச் 'சாரி'யும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும், ஆனால் பிறந்த வீடு வேறு. பழைய ஆங்கிலத்தில் 'சார்' என்றால் வலி, புண். தொண்டை வலியை 'சோர் த்ரோட்' என்கிறார்களே, அந்தச் 'சோர்' அதன் இன்றைய வடிவம். அந்தச் 'சார்' ஒரு விகுதியைச் சேர்த்துக்கொண்டு 'சாரிய்' என்று நின்றது. அதுதான் நம் 'சாரி'. 'சாரோ'வுக்கு மூலம் வேறொரு சொல். அதன் உறவுக்காரச் சொல்தான் ஜெர்மன் மொழியில் கவலையைக் குறிக்கும் 'ஸோர்க'. இரண்டும் பொருளில் நெருங்கியிருந்ததால் 'சாரோ'வின் குறில் ஒகரம் 'சாரி'க்கும் தொற்றிக்கொண்டது. நாம் இழுத்துச் சொல்லும் 'சாரி' தற்செயலாக ஆயிரம் வருடத்துக்கு முந்தைய உச்சரிப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது!

தமிழில் இதற்கு நெருக்கமானது 'மன்னிக்கவும்' அல்ல, 'நொந்த' என்பதுதான். கால் நோகுது, மனசு நோகுது என்று உடம்புக்கும் உள்ளத்துக்கும் ஒரே வினையைத்தானே வைத்திருக்கிறோம்? 'சாரி'யும் அப்படித்தான். எனக்கு நோகிறது என்று சொல்கிறதே ஒழிய, உன்னிடம் மன்னிப்பு தா என்று கேட்கவில்லை.

இது புரியாமல் நானே அசடு வழிந்திருக்கிறேன். அப்பா இறந்த வாரம், வெளிநாட்டிலிருந்த மேலாளர் போனில் 'ஐ ஆம் சாரி' என்றார். நான் அவசரமாக, "ஐயோ, நீங்கள் என்ன செய்தீர்கள், பரவாயில்லை" என்றேன். அவர் ஒரு நொடி பேசவே இல்லை. இழவு வீட்டில் அந்தச் சொல் துக்கத்தில் பங்கெடுப்பது. 'தேங்க் யூ' என்றால் போதும்.

இன்னொரு பயன்பாட்டை நாம் அதிகம் தொடுவதில்லை. ஷேக்ஸ்பியரின் மெக்பெத், மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு, ரத்தம் படிந்த தன் கைகளைப் பார்த்து இது 'சாரி' காட்சி என்பான். மன்னிப்பு கேட்கவில்லை, பரிதாபமான கோலம் என்கிறான். 'சாரி ஸ்டேட்' என்று இன்றும் எழுதுவது இந்தப் பொருளில்தான்.

வருத்தமா, குற்றத்தை ஒப்புக்கொள்வதா என்ற இந்த இரட்டைத்தன்மை பெரிய இடங்களிலும் சிக்கலாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமைக்காக, 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் கொண்டுவந்த தீர்மானத்தில் வருந்துகிறோம் என்ற பொருளில் 'ரிக்ரெட்' இருந்தது, 'சாரி' இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக மக்கள் காத்திருந்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கதை வேறு: 'சாரி' சொன்னதையே சிவில் வழக்கில் குற்ற ஒப்புதலாகக் காட்டிவிடக் கூடாது என்று 2009இல் சட்டமே போட்டார்கள்.

சரி, அன்றாடத்துக்கு வருவோம். காதில் விழவில்லை என்றால் கேள்வித் தொனியில் 'சாரி?' எனலாம், 'வாட்?' என்பதைவிட மரியாதை. வழி கேட்கும்போது 'எக்ஸ்க்யூஸ் மீ', இடித்த பிறகு 'சாரி'. தவறு பெரியது என்றால் எதற்காக என்பதையும் 'ஃபார்' போட்டுச் சொல்லிவிடுங்கள். வெறும் 'சாரி' நம் ஊரில் தும்மல் மாதிரி ஆகிவிட்டது.

பஸ்ஸில் தெரியாமல் தன் கால் நம் மேல் பட்டுவிட்டால் ஒரு பாட்டி என்ன செய்வார்? வாயைத் திறக்க மாட்டார். நம் மேல் பட்ட இடத்தைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். 'சாரி'க்கு என்ன மொழிபெயர்ப்பு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தக் கைதான் ஞாபகம் வருகிறது.