மாடி வீட்டில் கடல் தொட்டி

கேள்வி: சேலத்தில் மாடி வீடு. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பவளத் தொட்டி வைக்க ஆசை. மேட்டூர் தண்ணீர் போதுமா? ராமேஸ்வரத்திலிருந்து பவளப்பாறை எடுத்து வரலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: எடுத்து வரவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. செத்த துண்டும் அதில் சேர்த்தி. செராமிக் பாறையே போதும். பாறை கட்டாத மென்பவளங்களை, தோல் பவளம் போன்றவற்றை, ரசீதோடு வாங்குங்கள்.

தண்ணீர் சுமார் 650 லிட்டர். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பாசிதான் விளையும். வீட்டு ஆர்.ஓ.வும் உதவாது, ருசிக்காக அதில் தாது கலக்கிறார்கள். ஆர்.ஓ.வுக்குப் பின் டி.ஐ. ரெசின் குழாய் (மிச்சத் தாதுக்களையும் நீக்கும் வடிகட்டி) பொருத்தி, டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள தாதுக்களின் அளவு) பூஜ்யம் வந்த நீரில், லிட்டருக்கு 36 கிராம் வீதம் செயற்கைக் கடலுப்பு (சுமார் 24 கிலோ) கரையுங்கள். சமையல் உப்பு வேண்டாம். அடர்த்தி எண் (நல்ல நீரை 1 என்று கொண்டால் உப்புநீரின் அடர்த்தி) 1.025 இருக்கட்டும்.

சேலத்தில் பெரிய வில்லன் சித்திரை வெயில். நீர் 26 டிகிரியில் நிற்க அரை எச்.பி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும், அதன் சூட்டுக்காற்று அறைக்கு வெளியே போகவேண்டும். (ஏற்காட்டுக்காரர்களுக்கு மார்கழியில் ஹீட்டர்தான் செலவு.) ஆவியாகிக் குறைவது தண்ணீர் மட்டுமே, உப்பு அல்ல. அந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிப் பவளம் சுருங்கும், வெறும் டி.ஐ. நீரே ஊற்றுங்கள்.

புதுத் தொட்டியில் சேரும் அமோனியா, நைட்ரைட் என்ற மீனுக்கு நஞ்சான கழிவுகள் இரண்டும் பூஜ்யத்துக்கு வர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதீர்கள்.