எம்.பி.ஏ. படிப்பும் வன்னி வேலைத்தலமும்: கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் முகாமைத்துவம் படித்த பிள்ளைகள் வெள்ளைக்காரர் மாதிரியே வேலை பார்ப்பார்களா, சேர்?

பதில்: பேச்சு சுறுக்காய் மாறும். இலக்கு, பாதீடு, மதிப்பீடு எல்லாம் ஒரு வருடத்தில் வாயில் வந்துவிடும். ஆனால் மாமா செத்தால், கணக்கு முடிக்கிற கிழமையானாலும் செத்தவீட்டுக்குப் போகத்தான் கேட்பார்கள். ரால்ஸ்டன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1993இல் அமெரிக்க, ஹொங்கொங், சீன முகாமையாளர்களின் விழுமியங்களை ஒப்பிட்டார்கள். ஹொங்கொங்காரர் பல விடயங்களில் அமெரிக்கருக்கும் சீனருக்கும் நடுவே நின்றார்கள். இங்கேயும் அப்படியொரு கலவையைத்தான் எதிர்பார்க்கலாம்.

கேள்வி (வவுனியா, மாணவி): நாடுகளின் பண்பாட்டுக்குப் புள்ளி போட்ட ஆய்வாளர் ஹொஃப்ஸ்டீடின் புள்ளிகளை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதலாமா?

பதில்: பின்னணிக்கு மட்டும். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தின் ஊழியரிடம் எடுத்த தரவு அது. 1980இல் வந்த அவருடைய நூலின் 40 நாடுகளில் இலங்கை இல்லை. அதோடு அது நாட்டுச் சராசரி. நெடுங்கேணியில் ஒருவர் எப்படி நினைப்பார் என்று அதை வைத்துச் சொன்னால் பிழை. நீங்களே வினாக்கொத்துக் கொடுங்கள். தமிழாக்கிய வினாவை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். எங்கே பொருள் சறுக்கியது என்று பிடிபடும். எங்கட ஆட்கள் மரியாதைக்கு எல்லாவற்றுக்கும் 'ஆம்' போடுவார்கள். அதனால் சில வினாக்களை எதிர்மறையாகவும் கேளுங்கள். ஒப்பிடும் இரு பகுதியிலும் வயதும் தொழிலும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயது வித்தியாசத்தைப் பண்பாடு என்று எழுதிவிடுவீர்கள்.

கேள்வி (முல்லைத்தீவு, அரிசி ஆலை): கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை. புது முகாமையாளர் 'ஈடுபாடு இல்லை' என்று அறிக்கை எழுதிவிட்டார்.

பதில்: அறிக்கை தவறு. மூத்தவருக்கு முன்னால் மறுத்துப் பேசுவது அவமரியாதை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கூட்டத்துக்கு முதல் நாளே ஆளுக்கொரு துண்டு கொடுங்கள், பெயர் வேண்டாம். 'உமி எங்கே அடைக்குது?' என்பது போல ஒரேயொரு கேள்வி போதும். துண்டுகளை வாசித்த பிறகு இளையவர் பேசட்டும், முதலாளி கடைசியில். அவர் முதலில் பேசினால் கூட்டம் அதோடு முடிந்தது. குறைகளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி (மாங்குளம்): ஆளுக்கேற்ற போனஸ் சரிவருமா?

பதில்: மூட்டை தைப்பதற்குச் சரிவரும், எண்ணலாம். ஒரே இயந்திரத்தில் நாலு பேர் நின்றால் வராது. பழகியவர் புதியவருக்குக் காட்டிக் கொடுக்கமாட்டார். அங்கே குழுவுக்குக் கொடுங்கள்.

கேள்வி (மல்லாவி): 'நாங்கள் குடும்பம் மாதிரி' என்று சொல்லி சேமலாப நிதி கட்டாமல் விடுகிறார்கள். இதுவும் எங்கள் பண்பாடா?

பதில்: இல்லை, சட்டமீறல். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12%, தொழிலாளி 8%; நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3%. சம்பளச் சிட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.